சட்ட உதவியாளர் சான்றிதழ்: பணம் கட்டுவதற்கு முன் போட வேண்டிய கணக்கு

வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றில் ஆள் எடுக்கும் பொறுப்பு பல ஆண்டுகள் என்னிடம் இருந்தது. நேர்முகத்துக்கு வருகிறவர்களிடம் 12 தாள்களைக் கலைத்துக் கொடுப்பேன். கடிதம், ரசீது, நோட்டீஸ், ஒப்பந்தத்தின் ஒரு பக்கம் என்று எல்லாம் கலந்திருக்கும். தேதி வரிசைப்படி அடுக்கி, நடந்தது என்ன என்று ஒரு பக்கத்தில் எழுத வேண்டும். அவ்வளவுதான் தேர்வு. ஒரு கடிதத்தில் தேதியே இருக்காது. கூடவே இருக்கும் உறையின் அஞ்சல் முத்திரையைப் பார்க்கத் தோன்ற வேண்டும். இன்னொன்றில் 03/04 என்று இருக்கும். அது மார்ச் நான்கா ஏப்ரல் மூன்றா என்பது அடுத்த தாளைப் படித்தால்தான் விளங்கும்.

சான்றிதழோடு வந்தவர்களில் பலர் அந்த உறையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. சான்றிதழ் இல்லாமல் வந்த சிலர் அழகாக எழுதித் தந்தார்கள். ஆனால் அந்தச் சிலரை நேர்முகத்துக்குக் கூப்பிடவே நான் மேலதிகாரிகளிடம் வாதாட வேண்டியிருந்தது. சட்ட உதவியாளர் சான்றிதழின் மதிப்பை நான் அங்கேதான் புரிந்துகொண்டேன். அது உங்களை அலுவலகத்தின் வாசல்வரை கொண்டுவந்து விடும். உள்ளே போவதும் நிலைப்பதும் வேறு திறமை. ஆகவே நீங்கள் போகவிருக்கும் இடத்தில் அந்த வாசல் பூட்டியிருக்கிறதா, சும்மா சாத்தியிருக்கிறதா, முன்பே திறந்துதான் கிடக்கிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே பணம் கட்ட வேண்டும். அதைத் தெரிந்துகொள்ளும் வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

முதல் படி: வேலை என்னவென்று பாருங்கள்

பாராலீகல், சட்ட உதவியாளர், சட்டச் செயலர், வழக்கு எழுத்தர் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். வேலையின் உடம்பு ஒன்றுதான். கட்சிக்காரர் கொண்டுவரும் தாள்களை ஒழுங்குபடுத்துவது, சம்பவங்களைக் காலவரிசையில் எழுதுவது, மனுவுக்கும் பிரமாணப் பத்திரத்துக்கும் முதல் வரைவு தயாரிப்பது, இணைப்பு ஆவணங்களுக்கு எண் போடுவது, நீதிமன்றக் கெடு தேதிகளைக் கணக்கிட்டு நாட்காட்டியில் ஏற்றுவது, மேற்கோள் காட்டிய தீர்ப்புகள் சரியா என்று பார்ப்பது, புதிய கட்சிக்காரருக்கும் பழைய கட்சிக்காரருக்கும் நலன் முரண் உண்டா என்று பதிவேட்டில் தேடுவது.

இவற்றில் உயிர்நாடி கெடு தேதிதான். மேல்முறையீட்டுக்கான கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் என்ன ஆகும், தீர்ப்பு வந்த நாளிலிருந்து எண்ணுவதா நகல் கிடைத்த நாளிலிருந்து எண்ணுவதா என்பதற்கெல்லாம் விதி உண்டு. ஒரு நாள் தவறினால் நல்ல வழக்கும் போய்விடும். இந்த வகைப் பொறுப்பு உங்களுக்கு உற்சாகம் தருகிறதா, தூக்கத்தைக் கெடுக்குமா என்று இப்போதே நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதவையும் உண்டு. பொதுவாக, சட்ட ஆலோசனை சொல்வது, வழக்கை ஏற்பது, கட்டணம் நிர்ணயிப்பது, நீதிமன்றத்தில் வாதாடுவது ஆகியவை வழக்கறிஞருக்கு மட்டுமே உரியவை. இந்த எல்லை சில இடங்களில் சற்றுத் தளர்ந்திருக்கிறது. அதை அடுத்துப் பார்ப்போம். படிப்பை விற்பவர்கள் எவராவது “இதை முடித்தால் நீங்களே தனியாகக் கட்சிக்காரர்களைப் பார்க்கலாம்” என்று சொன்னால், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு அதற்கு அனுமதி தருகிறது என்று கேளுங்கள். பிரிவு எண் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

இரண்டாம் படி: மூன்று காகிதங்களைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் பணம் இழப்பது இந்தக் குழப்பத்தில்தான்.

முதலாவது, படிப்பு முடித்த சான்றிதழ். ஒரு கல்லூரியோ பயிற்சி நிலையமோ, இன்னார் இத்தனை மாதம் படித்துத் தேறினார் என்று தருவது. இரண்டாவது, தொழில்முறைத் தகுதிச் சான்று. தொழில் அமைப்பு ஒன்று தானே தேர்வு நடத்தித் தருவது. அமெரிக்காவில் 1975-ல் தொடங்கிய நாலா என்ற சங்கம் இப்படி ஒரு தேர்வை நடத்துகிறது. முதலில் அறிவுத் தேர்வு. அதில் தேறினால்தான் எழுத்துத் திறன் தேர்வு. தேறிய பிறகும் 5 ஆண்டுக்கு ஒரு முறை, 50 மணிநேரத் தொடர் கல்வியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். மூன்றாவது, உரிமம். அரசோ சட்டத்தால் அதிகாரம் பெற்ற அமைப்போ தருவது. இது இல்லாமல் அந்தத் தொழிலைச் செய்தால் குற்றம்.

முதலாவதை விற்கும்போது மூன்றாவது போலப் பேசுவது சந்தையில் நடக்கிறது. “அங்கீகாரம் பெற்ற படிப்பு” என்ற சொல்லும் அப்படித்தான். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 1970-களிலிருந்து பாராலீகல் படிப்புகளுக்கு ஒப்புதல் தந்துவருகிறது. ஆனால் அந்த ஒப்புதல் படிப்புக்குத்தான். படித்தவருக்கு அது எந்தத் தகுதிச் சான்றும் தருவதில்லை. அந்த ஒப்புதலைக் கேட்டுப் பெறுவதும் கல்லூரியின் விருப்பம்தான். ஒப்புதல் இல்லாத நல்ல படிப்புகளும் உண்டு. ஆனாலும் கையில் விவரம் குறைவாக உள்ள புதியவருக்கு அந்த ஒப்புதல் ஒரு நல்ல வடிகட்டி என்பதே என் கருத்து.

மூன்றாம் படி: நீங்கள் வேலை செய்யப்போகும் இடத்தின் சட்டம் என்ன சொல்கிறது?

இந்த ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாலே பாதிக் கணக்கு முடிந்துவிடும். உலகம் இதில் ஒரே மாதிரி இல்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 2007-லிருந்து பாராலீகல் என்பது உரிமம் பெற்ற தொழில். அங்கீகரிக்கப்பட்ட படிப்பு, அதற்குள் 120 மணிநேரக் களப் பயிற்சி, உரிமத் தேர்வு, நன்னடத்தைச் சோதனை எல்லாம் கடந்தவர், சிறு தொகை வழக்குகளை விசாரிக்கும் சிறு கோரிக்கை நீதிமன்றத்திலும் பல தீர்ப்பாயங்களிலும் தாமே கட்சிக்காரருக்காக வாதாடலாம். அங்கே படிப்பு இல்லாமல் வழியே இல்லை. கட்டணம் அதிகமென்று தயங்குவதற்கு இடமில்லை. எந்தக் கல்லூரி என்பது மட்டுமே கேள்வி.

அமெரிக்காவின் கலிபோர்னியா நடுவில் நிற்கிறது. உரிமம் கிடையாது. ஆனால் அந்த மாநிலத்தின் வணிக, தொழில் சட்டத் தொகுப்பின் 6450-ஆம் பிரிவு, பாராலீகல் என்று தன்னை அழைத்துக்கொள்ள யாருக்குத் தகுதி உண்டு என்று வரையறுக்கிறது. வழக்கறிஞர் சங்க ஒப்புதல் பெற்ற படிப்பின் சான்றிதழ் ஒரு வழி. அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனத்தில் சட்டப் பாடங்களில் குறைந்தது 24 செமஸ்டர் யூனிட்டுகள் கொண்ட படிப்பின் சான்றிதழ் இன்னொரு வழி. ஏதோ ஒரு துறையில் இளங்கலைப் பட்டமும், தகுதியுள்ள வழக்கறிஞரின் கீழ் ஓராண்டு அனுபவமும், அந்த வழக்கறிஞரின் எழுத்துமூல உறுதிமொழியும் இருந்தாலும் போதும். இந்த மூன்றாவது வழி தெரியாமல், கையில் பட்டம் வைத்துக்கொண்டே சான்றிதழுக்குப் பெரிய தொகை கட்டுகிறவர்கள் உண்டு. அதேபோல் 24 யூனிட்டுகள் இல்லாத குறுகிய காலப் படிப்பை வாங்கிவிட்டு, அந்தப் பெயரையே பயன்படுத்த முடியாமல் நிற்கிறவர்களும் உண்டு.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாராலீகல் என்ற பெயருக்குச் சட்டக் காவல் எதுவும் இல்லை. சான்றிதழும் கட்டாயமில்லை. ஆனால் அங்கே வேறொரு கதவு திறந்திருக்கிறது. 2021 முதல் நடப்பில் உள்ள சொலிசிட்டர் (அங்குள்ள வழக்கறிஞர்களில் ஒரு வகை) தகுதி முறையில் 2 ஆண்டு வேலை அனுபவம் வேண்டும். பாராலீகலாகச் செய்த வேலையும், உரிய முறையில் உறுதிப்படுத்தப்பட்டால், அதில் சேரும். ஆகவே அங்கே ஒருவருக்குச் சான்றிதழைவிட, முதல் வேலையில் சீக்கிரம் சேர்வதே அதிக மதிப்புள்ளதாக இருக்கலாம்.

இந்தியாவில் வழக்கு நடத்தும் உரிமை, 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின்படி, பதிவுசெய்த வழக்கறிஞர்களுக்கே உரியது. சட்ட உதவியாளருக்கு என்று உரிமம் எதுவும் இல்லை. தேசிய சட்டப் பணிகள் ஆணையம் 2009-ல் கொண்டுவந்த சட்டத் தன்னார்வலர் (பாராலீகல் வாலண்டியர்) திட்டம் ஒன்று உண்டு. பெயர் ஒத்திருப்பதால் பலர் அதை வேலை என்று நினைத்துவிடுகிறார்கள். அது மக்களுக்கும் சட்ட உதவி அமைப்புகளுக்கும் நடுவே பாலமாக நிற்கும் தொண்டு. மதிப்பூதியம் உண்டு, மாதச் சம்பளம் இல்லை. அனுபவத்துக்கு அருமையான இடம் என்பதையும் சொல்ல வேண்டும்.

விதிகள் மாறவும் செய்யும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலம் 2012-ல், வழக்கறிஞர் அல்லாதவர்களும் குறிப்பிட்ட எல்லைக்குள் சட்ட ஆலோசனை தரலாம் என்று புதிய உரிமம் ஒன்றை உருவாக்கியது. 2020-ல் அந்த மாநிலத்தின் உச்ச நீதிமன்றமே அதை மூடிவிட முடிவு செய்தது. ஏற்கெனவே உரிமம் பெற்றவர்கள் தொடரலாம். புதியவர்களுக்குக் கதவு அடைபட்டது. படிப்பின் பாதி வழியில் இருந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். புத்தம் புதிதாக வந்த தகுதி ஒன்றுக்குப் பெரிய தொகை போடுவதாக இருந்தால், அதை எந்த அமைப்பு உருவாக்கியது, எத்தனை ஆண்டு ஓடியிருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நான்காம் படி: முப்பது விளம்பரங்கள், ஒரு நோட்டுப் புத்தகம்

சட்டம் கட்டாயப்படுத்தாத இடங்களில் முதலாளிகள் என்ன கேட்கிறார்கள் என்பதே சட்டம். அதை யாரிடமும் கேட்க வேண்டாம், நீங்களே எண்ணலாம். நீங்கள் வேலை செய்ய விரும்பும் ஊரில், நீங்கள் சேரக்கூடிய மட்டத்தில், கடந்த 2 மாதத்தில் வந்த 30 வேலை விளம்பரங்களை எடுங்கள். நோட்டில் கோடு போட்டு நான்கு பத்தி: சான்றிதழ் கட்டாயம், இருந்தால் நல்லது, பட்டம் வேண்டும், அனுபவம் மட்டும் போதும்.

நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. முதல் பத்தியில் 10-க்கு மேல் விழுந்தால் படிப்பு தேவை. 3-க்குக் கீழே என்றால், அந்த ஊரில் அந்தச் சான்றிதழ் அலங்காரம்தான். இடைப்பட்டால் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பட்டம் இல்லாதவருக்கு “இருந்தால் நல்லது” என்பது ஏறக்குறைய “கட்டாயம்” என்றே பொருள்படும், ஏனென்றால் போட்டிக்கு வரும் மற்றவர்களிடம் பட்டமாவது இருக்கும்.

எண்ணும்போதே ஓரத்தில் இன்னும் சிலவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். எந்த மென்பொருள் திரும்பத் திரும்ப வருகிறது? எந்தச் சட்டத் துறை அதிகம், சொத்தா, குடியேற்றமா, விபத்து இழப்பீடா, நிறுவனச் சட்டமா? இரண்டாவது மொழி கேட்கிறார்களா? தமிழும் இன்னொரு மொழியும் சரளமாக வரும் ஒருவருக்குச் சில அலுவலகங்களில் எந்தச் சான்றிதழையும்விட அதுவே பெரிய தகுதி. கட்சிக்காரர் தம் துன்பத்தைத் தம் மொழியில் சொல்லும்போது அதைத் தவறில்லாமல் எழுத்தில் பிடிப்பவரை எந்த வழக்கறிஞரும் விட மாட்டார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. படிப்பை விற்கும் தாள்களில் “வேகமாக வளரும் துறை” என்று இருக்கும். எந்த ஆண்டின் கணிப்பு என்று பாருங்கள். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை, பாராலீகல் வேலைகள் 2021-லிருந்து 2031-க்குள் 14 சதவீதம் வளரும் என்று ஒரு சமயம் கணித்தது. 2023–33 காலத்துக்கு அதே துறை தந்த கணிப்பு 1 சதவீதம்தான். அப்போது எல்லா வேலைகளுக்குமான சராசரி 4 சதவீதம். இரண்டு வருட இடைவெளியில் இவ்வளவு இறக்கம். பழைய தாள் மட்டும் மாறாமல் மேசையில் கிடக்கும். வளர்ச்சி குறைவு என்றால் வேலையே இல்லை என்று பொருள் அல்ல; ஓய்வு பெறுகிறவர்களும் துறை மாறுகிறவர்களும் விட்டுப்போகும் இடங்கள் வந்துகொண்டே இருக்கும். ஆனால் அந்த இடங்களுக்கு அனுபவசாலிகளும் போட்டியிடுவார்கள்.

ஐந்தாம் படி: கணக்கு

கட்டணத்தை மட்டும் பார்த்து அதிகம், குறைவு என்று பேசுவதில் பயனில்லை. உங்கள் இப்போதைய மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் அந்த அளவில் எழுதுங்கள். நாணயம் எதுவானாலும் கணக்கு ஒன்றுதான்.

ஓர் எடுத்துக்காட்டு போடுகிறேன். எண்கள் என் கற்பனை; உங்கள் எண்களை இட்டு நீங்கள் மறுபடி போட வேண்டும். படிப்புக் கட்டணம் 250. புத்தகம், தேர்வுக் கட்டணம், போக்குவரத்து 40. கடன் வட்டி 30. படிக்கும் 8 மாதமும் கூடுதல் நேர வேலையை விட்டுவிடுவதால் மாதம் 15 வீதம் இழப்பு 120. மொத்தம் 440. கடைசியாகச் சொன்ன இழப்பைப் பெரும்பாலோர் எழுதுவதே இல்லை. அது மொத்தத்தில் கால்பங்குக்கும் மேல் என்பதைக் கவனியுங்கள். படித்த பின் கிடைக்கும் வேலையில் வருமானம் 125 என்றால், மாதம் 25 கூடுதல். போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய 18 மாதம். கூடுதல் 10 மட்டும் என்றால் 44 மாதம்.

இது பாதிக் கணக்குதான். படிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற பக்கத்தையும் எழுதினால்தான் முழுக் கணக்கு. மூன்று ஆண்டுகளை எடுத்துக்கொள்வோம். படிக்கிறவர் 8 மாதம் மாதத்துக்கு 85 வீதம் வாங்குகிறார், பிறகு 4 மாதம் பழைய வேலையில் 100 வாங்கியபடி புது வேலை தேடுகிறார், மீதி 24 மாதம் 125. கூட்டினால் 4,080. கட்டணம் முதலான 320-ஐக் கழித்தால் 3,760. படிக்காதவர் ஒரு சிறிய வழக்கறிஞர் அலுவலகத்தில் கடைநிலை எழுத்தராகச் சேர்கிறார். வருமானம் குறைந்து 95. இரண்டு ஆண்டு வேலை கற்று, மூன்றாம் ஆண்டில் 120 வாங்குகிறார். கூட்டினால் 3,720. மூன்று ஆண்டு முடிவில் இருவருக்கும் வித்தியாசம் 40 மட்டும்.

இப்போது ஒரே ஒரு எண்ணை மாற்றுங்கள். படித்தவருக்கு வேலை கிடைக்க 4 மாதத்துக்குப் பதில் 12 மாதம் ஆகிறது. அவர் கணக்கு 3,560-க்கு இறங்கி, படிக்காதவரைவிட 160 பின்தங்கிவிடுகிறது. மாறாக, வேலை 4 மாதத்திலேயே கிடைத்து, கட்டணம் மட்டும் 250-லிருந்து 80 ஆகக் குறைந்தால், அவர் 210 முன்னால் நிற்கிறார். காத்திருக்கும் மாதங்கள் கட்டணத்துக்குச் சமமான பாரம் என்று எனக்கு இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் தெளிந்தது. ஆகவே மலிவான படிப்பு, விலை உயர்ந்த படிப்பு என்று ஒப்பிடும்போது, எது உங்களைச் சீக்கிரம் வேலையில் அமர்த்தும் என்பதையும் தராசில் ஏற்றுங்கள். களப் பயிற்சி இல்லாத மலிவுப் படிப்பு, மாதக்கணக்கில் காத்திருக்க வைத்துத் தன் விலையை வசூலித்துவிடும்.

இன்னொன்று. எழுத்தராகச் சேரும் வழி எல்லோருக்கும் திறந்திருக்காது. அதற்கும் அறிமுகம் வேண்டும், குறைந்த வருமானத்தைச் சில காலம் தாங்கும் வசதி வேண்டும். குடும்பத்தில் வழக்கறிஞர் இல்லாத, தெரிந்தவர் யாரும் இல்லாத ஒருவருக்கு, படிப்பில் கிடைக்கும் களப் பயிற்சியே முதல் அறிமுகம். அவருக்குச் சான்றிதழின் மதிப்பு மற்றவர்களைவிட அதிகம். இதை நான் மனதாரச் சொல்கிறேன். அப்படி வந்தவர்களில் சிலர் பின்னாளில் அலுவலகத்தையே தாங்கி நின்றார்கள்.

ஆறாம் படி: படிப்பு நிலையத்தில் கேட்க வேண்டியவை

நேரில் போங்கள். முடிந்தால் மின்னஞ்சலிலும் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

“கடந்த ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், முடித்தவர்களில் எத்தனை பேர் 6 மாதத்துக்குள் சட்டத் துறை வேலையில் சேர்ந்தார்கள்?” மூன்று எண்ணும் தனித்தனியாக வேண்டும். “90 சதவீதம் வேலை” என்று ஒற்றை எண் வந்தால், அதில் ஏற்கெனவே வேலையில் இருந்தவர்களும் கடைகளில் வேலை பார்ப்பவர்களும் சேர்ந்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

“களப் பயிற்சியை நீங்கள் ஏற்பாடு செய்வீர்களா, நானே தேட வேண்டுமா?” நானே தேட வேண்டும் என்றால் படிப்பின் பாதி மதிப்பு போயிற்று.

“இந்தப் பாடங்களுக்குக் கிடைக்கும் மதிப்பலகுகள் (கிரெடிட்) பின்னால் பட்டப் படிப்பில் சேருமா?” தொடர் கல்விப் பிரிவில் நடக்கும் பல சான்றிதழ்களுக்கு மதிப்பலகே கிடையாது. நாளைக்குப் பட்டம் படிக்க நினைத்தால் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சட்டக் கல்லூரிக்குப் போகும் எண்ணம் இருந்தால், இந்தச் சான்றிதழ் அங்கே பாடச் சுமையைக் குறைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

“பாதியில் நிறுத்தினால் எவ்வளவு பணம் திரும்பக் கிடைக்கும், எந்தத் தேதிவரை?” சட்டம் படிக்கப்போகிறவர், தான் கையெழுத்திடும் சேர்க்கை ஒப்பந்தத்தையே முழுதாகப் படிக்காமல் விடுவது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

பிறகு, ஆசிரியர்கள் இப்போதும் தொழிலில் இருக்கிறார்களா என்று பாருங்கள். மின்னணு முறையில் வழக்குத் தாக்கல் செய்யக் கற்றுத் தருகிறார்களா, ஆவணங்களை மென்பொருளால் தேடி வகைப்படுத்தக் கற்றுத் தருகிறார்களா என்று கேளுங்கள். ஆயிரக்கணக்கான தாள்களை ஒவ்வொன்றாகப் புரட்டும் வேலையைக் கணினி எடுத்துக்கொண்டு வருகிறது. அந்தக் கணினி தவறவிட்டதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவருக்குத்தான் இனி இடம். இன்றுவரை தட்டச்சும் கோப்பு அடுக்குதலும் மட்டும் கற்பிக்கும் பாடத்திட்டத்துக்கு முழு விலை தராதீர்கள்.

ஏழாம் படி: பணம் கட்டும் முன் இலவசமாகச் சோதித்துப் பாருங்கள்

ஒரு நாள் விடுப்பு எடுத்து நீதிமன்றத்துக்குப் போய்ப் பார்வையாளர் இருக்கையில் உட்காருங்கள். பெரும்பாலான விசாரணைகள் பொதுமக்களுக்குத் திறந்தவை. வழக்கறிஞருக்குப் பின்னால் நின்று சரியான தாளைச் சரியான நொடியில் எடுத்து நீட்டும் ஆளைக் கவனியுங்கள். நீங்கள் செய்யப்போவது அந்த வேலை.

வீட்டில் இன்னொரு சோதனை. இணையத்தில் வெளியாகியிருக்கும் ஒரு நீண்ட தீர்ப்பை எடுத்து, அதில் வரும் சம்பவங்களை மட்டும் தேதி வரிசையில் ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். இரண்டு மணிநேரம் போனதே தெரியாமல் எழுதினீர்கள் என்றால் நல்ல அறிகுறி. பத்தாவது நிமிடத்தில் எழுந்துவிட்டால், அதற்கும் நன்றி சொல்லுங்கள், பெருந்தொகை மிச்சம். எழுதி முடித்த அந்தப் பக்கத்தைத் தூக்கிப் போடாதீர்கள். நேர்முகத்தில் காட்ட உங்கள் முதல் மாதிரி அதுவே.

இந்த வேலையில் இப்போது இருக்கும் ஒருவரிடமாவது அரை மணிநேரம் பேசுங்கள். “இன்று காலை முதல் மாலை வரை என்ன செய்தீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். “இந்தத் துறை எப்படி?” என்று கேட்டால் பொதுப் பதில்தான் வரும்.

சேர்ந்துவிட்ட பிறகு

முடிவு செய்து பணம் கட்டியாகிவிட்டது என்றால், அந்தப் பணத்திலிருந்து முழு மதிப்பையும் கறக்க வேண்டும். என் அனுபவத்தில் இதற்கு இரண்டு வழிகள்தான் உண்மையில் வேலை செய்கின்றன. ஒன்று, களப் பயிற்சி அலுவலகத்தில் முதல் வாரத்திலேயே கெடு தேதி நாட்காட்டியை யார் பராமரிக்கிறார்கள் என்று கண்டுபிடித்து அவர் பக்கத்தில் உட்காருவது. இரண்டு, வகுப்பில் எழுதும் ஒவ்வொரு வரைவையும் திருத்தம் வாங்கி, திருத்திய பிரதியைத் தனிக் கோப்பில் சேர்ப்பது. பயிற்சி அலுவலகத்தின் உண்மையான கோப்புகளை ஒருபோதும் நகலெடுத்து வெளியே கொண்டுவராதீர்கள். கட்சிக்காரரின் இரகசியத்தைக் காப்பது இந்தத் தொழிலின் முதல் விதி. அதை மீறிய மாதிரியைக் காட்டினால் அந்த நிமிடமே நேர்முகம் முடிந்துவிடும்.

வேலை வாய்ப்பு வரும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “என் வேலை நேரம் கட்சிக்காரரின் பில்லில் தனியாக வருமா?” இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். 1989-ல் மிசூரி எதிர் ஜென்கின்ஸ் வழக்கில், தோற்ற தரப்பு செலுத்த வேண்டிய வழக்கறிஞர் கட்டணத்தில் பாராலீகலின் நேரத்தையும் சந்தை விலையில் சேர்க்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஏற்றது. வெறும் எழுத்தர் வேலையை, அதை யார் செய்தாலும், பாராலீகல் விலையில் சேர்க்கக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்த வேறுபாடு வழக்கறிஞர் அலுவலகப் பொருளாதாரம் முழுவதிலும் ஓடுகிறது. உங்கள் நேரம் பில்லில் ஏறினால் நீங்கள் வருமானம், ஏறாவிட்டால் செலவு. சம்பள உயர்வும் பதவியும் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரே சம்பளத்தில் இரண்டு வாய்ப்பு வந்தால், வரைவும் ஆய்வும் கொடுக்கும் இடத்தையே எடுங்கள். நகலெடுக்கும் எந்திரத்தின் பக்கத்தில் உட்காரவைக்கும் இடத்தில் உங்கள் சான்றிதழ் மெல்ல மெல்ல மதிப்பிழக்கும்.

தொழில்முறைத் தகுதித் தேர்வை எப்போது எழுதலாம் என்று பலர் கேட்கிறார்கள். முதல் வேலையில் ஓரிரண்டு ஆண்டு போன பிறகு எழுதுங்கள். அப்போது பாடம் பாதி கையிலேயே இருக்கும். பல அலுவலகங்கள் தேர்வுக் கட்டணத்தையும் தாங்களே கட்டும். சேரும்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள்.

கடைசியாக, இன்னும் முடிவு செய்யாதவர்களுக்கு. நாளை ஏதாவது ஒரு படிப்பு நிலையத்திலிருந்து “இன்று சேர்ந்தால் கட்டணத்தில் தள்ளுபடி” என்று அழைப்பு வரலாம். முப்பது விளம்பரங்களை எண்ணி முடிக்க இரண்டு மாலைகள் போதும். எண்ணி முடித்துவிட்டு நாளை மறுநாள் திரும்ப அழைப்பதாகச் சொல்லுங்கள்.